புதிய பேரினத்தை விவரிப்பது வெறும் பெயர் சூட்டலா? ஆய்வு மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு மதிப்பீட்டுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இவ்வாண்டு மதிப்பீட்டு அறிக்கையில் எங்கள் பிரிவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரிக்காகவே இந்த மடல். புதைபடிவக் கடல் நத்தைகளில் ஒரு புதிய பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் கூட்டம் ஒன்றை, விவரிக்கும் எங்கள் கட்டுரையை 'விவரணைக் குறிப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கியிருக்கிறீர்கள். "கருதுகோள் ஏதுமில்லை, பெயர் சூட்டல் மட்டுமே" என்று காரணம் எழுதி, மதிப்பெண் கட்டத்தில் பூஜ்யம் இட்டிருக்கிறீர்கள். இனி இத்தகைய கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் இதுவே விதி என்றும் அறிவித்திருக்கிறீர்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் இன்னொரு முடிவும் இருக்கிறது: மாதிரிகளைப் படமெடுத்துக் கணினியில் சேமித்துவிட்டு, அவை இருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டும். முறைப்படி மேல்முறையீடு செய்தோம். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தக் கட்டுரையில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவில் யாரும் அதை முழுதாகப் படித்ததற்கான தடயம் அறிக்கையில் இல்லை.

ஜுராசிக் காலக் களிமண்ணைக் கழுவிச் சலித்து எடுத்த சிறு ஓடுகள் அவை. உயரமாகக் கூம்பிச் செல்லும் சுருள், அதன்மேல் சுற்றியோடும் வரிமேடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் மெல்லிய வளர்ச்சிக் கோடுகள். முந்தைய தலைமுறைச் சேகரிப்பாளர் ஒருவர் டுரிடெல்லா குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சீட்டு எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். நீண்டு கூம்பும் ஓடு நத்தைகளின் வரலாற்றில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கிளைகளில் மீண்டும் மீண்டும் தோன்றியிருக்கிறது. வடிவம் ஒன்றாக இருப்பதால் உறவும் ஒன்றாகிவிடாது.

உறவைத் தேட வேண்டிய இடம் ஓட்டின் நுனி. லார்வாவாக இருந்தபோது அந்த உயிர் கட்டிய ஓட்டைப் புரோட்டோகாங்க் என்கிறோம். அது வளர்ந்த ஓட்டின் உச்சியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், தேயாமலும் உடையாமலும் இருந்தால். அப்படிக் கிடைப்பது அரிது. நத்தை ஓடுகள் பெரும்பாலும் அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனவை. பாறைக்குள் அது கரைந்து வெற்று அச்சாகிவிடும். அல்லது கால்சைட்டாக மாறும்போது நுண்ணிய வரிகளை அழித்துவிடும். எங்கள் களிமண் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. மண் துகளை ஊசி நுனியால் நீக்கி, மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது லார்வா ஓடு எதிர்த்திசையில் சுருண்டிருந்தது. அதன் அச்சும் வளர்ந்த ஓட்டின் அச்சிலிருந்து சாய்ந்து நின்றது. டுரிடெல்லா குடும்பத்தில் இப்படி நேராது. இது ஹெட்டிரோபிராங்கியா என்ற பெரும்பிரிவின் அடையாளம். நிலத்து நத்தைகளில் பெரும்பாலானவையும் ஓட்டைத் துறந்த கடல் நத்தைகள் பலவும் அடங்கிய பிரிவு அது. ஒரு சிறு நுனியைச் சுத்தம் செய்ததில் அந்த ஓடுகள் நத்தை மரத்தின் ஒரு பெருங்கிளையிலிருந்து இன்னொரு பெருங்கிளைக்கு இடம் பெயர்ந்தன.

அதன்பிறகுதான் வேலையே தொடங்கியது. அந்தப் பெரும்பிரிவில் இதே போன்ற ஓடுள்ள மாத்தில்டிடே குடும்பத்தின் பேரினங்களோடு ஒவ்வொரு பண்பாக ஒப்பிட்டோம். லார்வா ஓட்டின் சாய்வு, முதல் சுற்றில் எத்தனை வரிமேடுகள் தொடங்குகின்றன, பின்னால் முளைப்பவை எவை, வளர்ச்சிக் கோடு எந்தப் பக்கம் வளைகிறது, ஓட்டின் வாய் எப்படி முடிகிறது. பழைய நூல்களின் படங்களை நம்பி இதைச் செய்ய முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்லச்சு ஓவியர்கள் உடைந்த வாயைத் தம் கற்பனையில் முழுமையாக்கி வரைந்துவிடுவார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த உதடு கல்லில் இருந்ததா, ஓவியரின் கையில் இருந்ததா என்பது அசலைப் பார்த்தால்தான் தெரியும். அசல் மாதிரிகளைக் கேட்டு வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்கு எழுதினோம். சில வந்தன, சிலவற்றை நேரில் போய்ப் பார்த்தோம். அவை எதிலும் எங்கள் ஓடுகள் அடங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் புதிய பேரினம் என்றோம்.

இதில் கருதுகோள் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். பேரினமே கருதுகோள்தான். இந்த உயிர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவை, ஏற்கெனவே பெயர்பெற்ற கூட்டம் எதிலும் சேராதவை, இன்னின்ன பண்புகளால் அவற்றைப் பிரித்தறியலாம் என்று மூன்று கூற்றுகளை அச்சில் ஏற்றி, ஆதாரத்தைப் பொது இடத்தில் வைத்து, மறுக்க விரும்புவோர் மறுக்கலாம் என்கிறோம். நாளை ஒருவர் இடைப்பட்ட ஓடு ஒன்றைக் கண்டெடுத்தால் எங்கள் பேரினம் பழைய பேரினம் ஒன்றின் இணைப்பெயராகச் சுருங்கிப் போகும். இந்தத் துறையில் அது அடிக்கடி நடப்பதுதான். தவறென்று நிரூபிக்க இவ்வளவு வெளிப்படையாக இடம் கொடுக்கும் கூற்றுகள், முழு மதிப்பெண் பெற்ற மற்றக் கட்டுரைகளில் எத்தனை இருக்கின்றன?

'பெயர் சூட்டல்' என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். பெயரும் நினைத்தபடி வைப்பதல்ல. விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பின்படி, 1930க்குப் பிறகு வெளியாகும் ஒரு பேரினப் பெயர் செல்லுபடியாக, அதைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் கூற வேண்டும். அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் சிற்றினத்தை, அதாவது வகைச் சிற்றினத்தையும் குறித்தாக வேண்டும். 1999க்குப் பிறகு, இது புதியது என்று வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியானால் விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2012இல் சேர்ந்த விதி. விலங்குலகம் முழுவதிலும் அதே எழுத்துகளில் இன்னொரு பேரினம் இருக்கக் கூடாது. எங்கோ ஒரு வண்டுக்கு ஒருவர் அந்தப் பெயரை முன்பே வைத்திருந்தால் நத்தைக்காரர் வேறு பெயர் தேட வேண்டியதுதான். எங்கள் பேரினத்தின் பெயரை இந்த மடலில் நான் எழுதாததற்கும் இதுவே காரணம். கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது, அச்சாகவில்லை. விவரணை இல்லாமல் இங்கே பெயர் வெளியானால் அது விதிப்படி வெற்றுப் பெயராகத் திரியத் தொடங்கிவிடும். குறிப்பெழுதுவோர் இவ்வளவு எச்சரிக்கையாக இருப்பதில்லை.

இதனால் யாருக்கு என்ன பயன் என்பது மேல்முறையீட்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். அங்கே எனக்குக் கிடைத்த நேரத்தில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை.

ஏறக்குறைய 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், கடல் உயிர்களுக்கு நேர்ந்ததைவிடப் பெரிய அழிவு புதைபடிவப் பதிவில் இல்லை. அதன்பின் வந்த தொடக்க டிரையாசிக் பாறைகளில் பல நத்தைப் பேரினங்களைக் காணவில்லை. பல லட்சம் ஆண்டுகள் கழித்து, நடு டிரையாசிக்கில், அவை மீண்டும் தலைகாட்டுகின்றன. பைபிளில் இறந்து மீண்டதாகச் சொல்லப்படும் லாசரஸின் பெயரால் இவற்றை லாசரஸ் இனங்கள் என்று 1983இல் புதைபடிவ ஆய்வாளர்களான ஃபிளெஸ்ஸாவும் ஜப்லான்ஸ்கியும் அழைத்தார்கள். பத்தாண்டு கழித்து அதே துறையினரான எர்வினும் டிரோசரும் ஒரு குறும்பான எச்சரிக்கை விடுத்தார்கள்: திரும்பி வந்ததாக நாம் நினைப்பவற்றில் சில பழைய உயிரின் வழித்தோன்றல்களே அல்ல, அதுபோலத் தோற்றம் கொண்ட வேறு கிளையினர். மறைந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லி போல வேடமிட்டுத் திரிவோரை நினைத்து இவற்றுக்கு எல்விஸ் இனங்கள் என்று பெயரிட்டார்கள்.

இது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல. ஒரு நத்தை லாசரஸா எல்விஸா என்பதைப் பொறுத்து, அந்தப் பேரழிவில் எத்தனை கிளைகள் அழிந்தன, எத்தனை எங்கோ ஒளிந்து தப்பின என்ற கணக்கே மாறும். அதைப் புள்ளியியல் மென்பொருள் சொல்லாது. யாரோ ஒருவர் இரண்டு ஓடுகளையும் அருகருகே வைத்து நுனி முதல் வாய் வரை பார்த்து, இரண்டும் ஒன்றல்ல, பின்னது புதிய பேரினம் என்று எழுத வேண்டும். உங்கள் பட்டியலில் அவருக்குப் பூஜ்யம்.

லார்வா ஓட்டைப் பற்றி மேலே எழுதியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கடலில் மிதந்து உண்டு வளர்ந்த லார்வாவா, முட்டையின் மஞ்சள்கருவை உண்டே வளர்ந்து நேராகக் கடல் தரையில் இறங்கிய குஞ்சா என்பது அந்த நுனியின் அளவிலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் பதிந்திருக்கும். இதை வைத்து ஜப்லான்ஸ்கி 1986இல் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார். வட அமெரிக்கக் கடலோரச் சமவெளியின் கிரெட்டேசியக் கால மெல்லுடலிகளில், மிதக்கும் லார்வா உடையவற்றுக்குச் சாதாரணக் காலத்தில் இருந்த அனுகூலம் கிரெட்டேசிய முடிவின் பேரழிவில் பயன்படவில்லை. அப்போது கைகொடுத்தது, அந்தப் பேரினம் எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் வாழ்ந்தது என்பதே. பேரினத்தின் பரப்பு, ஐயா. பேரினத்தின் எல்லையைத் தவறாக வரைந்திருந்தால் அந்தப் பரப்பும் தவறு, முடிவும் தவறு.

உங்கள் அறிக்கையில் முழு மதிப்பெண் பெற்ற கட்டுரைகளில் ஒன்று, கடல் உயிர்ப் பன்மையின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கிய கட்டுரை. நல்ல கட்டுரை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரைபடத்தின் செங்குத்து அச்சில் எழுதியிருப்பது பேரினங்களின் எண்ணிக்கை! இத்தகைய ஆய்வுகளுக்கு வழிகாட்டிய புதைபடிவ ஆய்வாளர் செப்கோஸ்கியின் தொகுப்பு, அவர் மறைந்தபின் 2002இல் வெளியானது. ஏறக்குறைய 36,000 கடல்வாழ் விலங்குப் பேரினங்கள் எந்தக் காலத்தில் தோன்றின, எப்போது மறைந்தன என்பதே அதன் உள்ளடக்கம். அவற்றில் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில், ஓடு ஓடாகப் பார்த்து விவரித்திருக்கிறார். அகராதியில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொன்னவருக்கு முழு மதிப்பெண், அகராதியைத் தொகுத்தவருக்கு எதுவுமில்லை என்பது என்ன அளவுகோல்?

மேற்கோள் எண்ணிக்கையே அந்த அளவுகோல் என்று அறிக்கை சொல்கிறது. அது எங்கள் துறையில் எப்படிச் செயல்படுகிறது என்று பாருங்கள். டுரிடெல்லா என்ற பேரினத்தை 1799இல் நிறுவியவர் லாமார்க். இன்றுவரை அதைப் பயன்படுத்தும் கட்டுரைகள் 'டுரிடெல்லா லாமார்க், 1799' என்று கட்டுரைக்குள் எழுதுகின்றன. ஆனால் கட்டுரையின் இறுதியில் உள்ள நூற்பட்டியலில் லாமார்க்கின் ஆக்கத்தைச் சேர்ப்பது அரிது. மேற்கோள் எண்ணும் எந்திரம் நூற்பட்டியலை மட்டுமே படிக்கும். ஒவ்வொரு முறை பேரினம் பயன்படும்போதும் விவரித்தவரின் பெயர் அச்சாகிறது. கணக்கில் மட்டும் ஏறுவதில்லை. தரவுத்தளங்களின் வழியாகப் போனால் அதுவும் மறைந்துவிடும்: ஆய்வாளர் தரவுத்தளத்தை மேற்கோள் காட்டுவார், அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான விவரணைகளை அல்ல.

நீங்கள் பயன்படுத்தும் தாக்கக் காரணி என்பது ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளுக்கு இவ்வாண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி. இரண்டு ஆண்டுகள்! தென்னிந்தியக் கிரெட்டேசிய நத்தைகளைப் பற்றி ஸ்டோலிச்கா 1867-68இல் வெளியிட்ட நூலை, அந்தக் காலத்து நத்தைகளை ஆராயும் எவரும் எந்த நாட்டில் இருந்தாலும் இன்றும் புரட்டியாக வேண்டும். உங்கள் கணக்கில் அந்த நூல் 1870க்குள் செத்துவிட்டது. ஒரு சிற்றினத்தின் மாதிரி முதலில் சேகரிக்கப்படுவதற்கும் அது புதியதென விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று ஃபொன்டெய்னும் உடனாய்வாளர்களும் 2012இல் காட்டினார்கள். இருபதாண்டு இழுப்பறையில் காத்திருக்கும் வேலையை ஈராண்டு அளவுகோலால் எப்படி அளப்பது?

இந்த அளவுகோல்களை வெளியிடுபவர்களே ஒருமுறை பின்வாங்கியிருக்கிறார்கள். விலங்கு வகைப்பாட்டியலின் பெரிய இதழான ஸூடாக்ஸாவை, தன்னைத்தானே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று 2020இல் தாக்கக் காரணியைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரு துறையின் புதிய சிற்றினங்களில் பெரும்பகுதி ஒரே இதழில் வெளியானால், அதே இதழைத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கும் என்று பல நாடுகளின் வகைப்பாட்டியலாளர்கள் எழுதினார்கள். சில வாரங்களில் நீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த நிறுவனம் கேட்டுத் திருத்திக்கொண்டதை நீங்கள் கேட்கவே மறுப்பது ஏன் என்று புரியவில்லை.

இந்த விதியின் முதல் பலியை நான் பார்த்துவிட்டேன். எங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர வந்த ஒருவர் நுண்ணோக்கியின் முன் பொறுமையாக உட்காரத் தெரிந்தவர். மூத்தவர்கள் கவனிக்காத வரிமேடு ஒன்றைச் சுட்டிக்காட்டியவர். அவருடைய ஆய்வுத் திட்டத்தைத் தரவு ஆய்வாக மாற்றிக்கொண்டால்தான் உதவித்தொகை என்று சொல்லப்பட்டது. மாற்றிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நத்தை ஓட்டின் நுனியைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர். அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள் அல்லது பெறும் வயதில் இருக்கிறார்கள். அந்தப் பார்வையை அருகில் இருந்து கற்றுக்கொடுக்கத்தான் முடியும், வழிமுறைக் குறிப்பில் எழுதி அனுப்ப முடியாது.

மாதிரி அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படங்களும் முப்பரிமாணப் பதிவுகளும் பெரும் உதவிதான், நாங்களும் எடுக்கிறோம். ஆனால் விதித்தொகுப்பின்படி ஒரு சிற்றினப் பெயரைத் தாங்கி நிற்பது அதன் வகைமாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட அசல் மாதிரி. பேரினப் பெயரோ வகைச் சிற்றினத்தின் வழியாக அதே கல்லில்தான் போய் நிற்கிறது. மேலே சொன்ன லார்வா ஓடு முன்பு எடுத்த எந்தப் படத்திலும் தெரியவில்லை, ஏனென்றால் அப்போது அதன்மேல் மண் இருந்தது. படம், எடுத்தவர் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்த இரவில், பணியாளர்கள் தீக்குள் ஓடி வெளியே தூக்கி வந்தவற்றில் மெல்லுடலிகளின் வகைமாதிரிகளும் இருந்தன. எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் அறையில் தீ எதுவும் இல்லை, ஓர் ஆணை மட்டுமே இருக்கிறது.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை.

'விவரணைக் குறிப்பு' என்ற வகையிலிருந்து புதிய பேரினங்களையும் சிற்றினங்களையும் நிறுவும் கட்டுரைகளை நீக்கி, அவற்றை மூல ஆய்வுகளாக மதிப்பிடுங்கள். இவ்வாண்டு அந்த வகையின் கீழ் பூஜ்யம் பெற்ற கட்டுரைகள் எல்லாவற்றையும், எங்களுடையதை மட்டுமல்ல, மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மறுபரிசீலனையில் வகைப்பாட்டியலில் அனுபவமுள்ள வெளியாள் ஒருவராவது இருக்க வேண்டும். கட்டுரையைப் படித்ததற்கு அடையாளமாகக் காரணங்களோடு கூடிய எழுத்து மதிப்பீடும் வேண்டும்.

வகைப்பாட்டியல் கட்டுரைகளுக்கு ஈராண்டுத் தாக்கக் காரணியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஒப்பிட்ட வகைமாதிரிகள், பொதுச் சேகரிப்பில் ஒப்படைத்த மாதிரிகள், பின்வரும் ஆய்வுகளில் அந்தப் பேரினம் பயன்பட்ட விதம் ஆகியவற்றைப் பாருங்கள். தரவுத்தள ஆய்வுகளை ஊக்குவிப்பதானால், அவை பயன்படுத்தும் மூல விவரணைகளையும் நூற்பட்டியலில் அல்லது பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும் என்று இங்கிருந்து வெளியாகும் கட்டுரைகளுக்காவது விதி செய்யுங்கள். அதற்குச் செலவு எதுவுமில்லை.

ஆய்வுத் திட்டத்தை மாற்றினால்தான் உதவித்தொகை என்ற நிபந்தனையைத் திரும்பப் பெறுங்கள். மாற்றிக்கொண்டவர்கள் விரும்பினால் பழைய திட்டத்துக்குத் திரும்ப அனுமதியுங்கள்.

மாதிரி அறையைக் காலி செய்யும் ஆணையை உடனே நிறுத்தி வையுங்கள். வெளியான கட்டுரைகளில் எண்ணிட்டுக் குறிக்கப்பட்ட மாதிரிகளின் முழுப் பட்டியல் தயாராகும் வரை ஒரு தட்டுகூட நகரக் கூடாது. இடம் உண்மையிலேயே வேண்டுமென்றால், வகைமாதிரிகளை நிரந்தரமாகப் பராமரிக்கும் பொது அருங்காட்சியகம் ஒன்றுக்கு, சீட்டுகளோடும் பதிவேட்டோடும், எழுத்துப்பூர்வமாக ஒப்படையுங்கள். பட்டியலிடும் வேலையை எங்கள் பிரிவே செய்து தரும்.

இவற்றுக்கு உங்கள் அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முன்பாக எழுத்தில் பதில் தாருங்கள். கோரிக்கை எதையாவது மறுப்பதானால், காரணத்தையும் அதை முடிவு செய்தவர்களின் துறையையும் குறிப்பிட்டு, இந்த மடலைப் போலவே பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடல் நத்தைப் புதைபடிவங்களை ஆராயும் ஓர் ஆய்வாளர்